மணற்குன்றும் மாநில அதிகாரமும்
ஓசியானோ வாகனப் பூங்காவின் வரலாற்றில் உள்ளூராட்சியின் இடம் (1971–2023)

உள்ளூராட்சியின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் சட்டம் அதற்கு வழங்கிய அதிகாரங்களைத் தொகுத்துக் கூறுவதுடன் அமைந்துவிடுகின்றனர். ஆயின் ஓர் ஆட்சிமன்றத்தின் அதிகாரம் உண்மையில் எத்துணை அகலமானது என்பது, அது தன்னிலும் பெரியதோர் அதிகாரத்துடன் மோதும் வேளையிலேயே வெளிப்படுகின்றது. அத்தகைய மோதலுக்குத் தெளிவான உதாரணமாக அமைவது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஓசியானோ மணற்குன்றுப் பூங்காவின் வரலாறாகும். வீதிகளுக்குப் புறம்பான நிலங்களில் மோட்டார் வாகனங்களை ஓட்டிப் பொழுதுபோக்குவதற்கென மாநில அரசு நடத்தும் பூங்கா அது. அதன் எல்லைக்கு வெளியே வாழும் மக்களின் நலனைக் காக்கவேண்டிய பொறுப்போ உள்ளூர் மன்றங்களுக்குரியது. பூங்காவை ஆள்பவர் ஒருவர். அதன் புழுதியைச் சுவாசிப்பவர் வேறொருவர். இவ்விரு சாராருக்குமிடையே அரை நூற்றாண்டாக நடந்துவந்த வழக்கினை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் மக்களும்

லொஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய பெருநகரங்களுக்கு இடைப்பட்ட பசுபிக் கரையில், ஏறத்தாழ 18 மைல் நீளத்துக்குப் பரந்து கிடக்கின்றன குவாடலூப்–நிப்போமோ மணற்குன்றுகள். ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்னரே சூமாஷ் இன மக்கள் இக்கரையில் வாழ்ந்தனர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காணி வியாபாரிகள் கடற்கரை மணலைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்க முயன்றனர். எதிர்பார்த்த கடற்கரை நகரம் எழவில்லை. விற்ற துண்டுகளும் விலைபோகாத துண்டுகளும் மணலின் கீழ்ப் புதைந்தன. லா கிராண்டே என்னும் அந்நிலப்பகுதியில் சுமார் 584 ஏக்கர் காலப்போக்கில் கவுண்டிக்கு உரித்தாயிற்று. பிற்காலத்து வழக்குகளின் வித்து அங்கேயே விழுந்தது எனலாம்.

கவுண்டி என்பது கலிபோர்னியாவில் மாவட்டத்தை ஒத்த ஓர் ஆட்சிப் பிரிவாகும். மக்களால் தெரிவு செய்யப்படும் ஐவர் கொண்ட மேற்பார்வையாளர் சபை அதனை நிருவகிக்கின்றது. கவுண்டிக்குள் அமைந்த நகரங்கள் தமக்கெனத் தனியான நகர சபைகளைக் கொண்டவை. சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியில் அத்தகைய நகரங்கள் ஏழு உள. பூங்காவின் வடபுறத்திலுள்ள பிஸ்மோ பீச், குரோவர் பீச் ஆகியவை அவற்றுட் சேர்ந்தவை. ஆனால் பூங்காவுக்குத் தன் பெயரை ஈந்த ஓசியானோவுக்கோ, காற்றின் திசையில் மேட்டுநிலத்தில் அமைந்த நிப்போமோவுக்கோ நகர சபை கிடையாது. நீர் விநியோகம் போன்ற சில சேவைகளை ஆற்றும் சமூகசேவை மாவட்டங்கள் மட்டுமே அவற்றுக்குரியவை. நிலப் பயன்பாடு முதலிய பெரிய விடயங்களில் அவ்வூர்களுக்காகப் பேசவேண்டியது கவுண்டியே. புழுதியால் மிகுதியும் பாதிக்கப்பட்டவர்கள், தமக்கென ஒரு நகர சபையேனும் இல்லாத மக்கள் என்பது இவ்வரலாற்றில் மறத்தலாகாத உண்மையாகும்.

வாகனமும் சட்டமும்

இக்கடற்கரையில் மோட்டார் வாகனம் ஓடத் தொடங்கியது மாநிலச் சட்டங்கள் தோன்றுவதற்கு முன்னராகும். ஈரமணல் இறுகிய தரையாக இருந்தமையால் ஆரம்பகால மோட்டார் வண்டிகளே அதன்மீது ஓட்டப்பட்டன. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் இராணுவத்திலிருந்து கழிக்கப்பட்ட ஜீப் வண்டிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1960 களில் மணல்வெளிக்கெனவே அமைக்கப்பட்ட இலேசான வண்டிகளும், மலிவான ஜப்பானிய மோட்டார்ச் சைக்கிள்களும் பரவின. முன்னர் நடந்து மட்டுமே செல்லத்தக்கனவாயிருந்த குன்றுகளின் உச்சிக்குச் சாதாரண தொழிலாளி ஒருவரும் தம் குடும்பத்துடன் செல்ல முடிந்தது. கோடையில் வெப்பம் தாளாத உள்நாட்டுப் பள்ளத்தாக்கு நகரங்களின் மக்களுக்கு இக்கரை குறைந்த செலவில் கிடைத்த விடுமுறைத் தலமாயிற்று. வாகன விளையாட்டினை வெறும் ஆடம்பரமாகக் கருதுவோர் இச்சமூகப் பின்னணியைக் கவனித்தல் வேண்டும்.

வாகனங்கள் பெருகவே கட்டுப்பாடும் அவசியமாயிற்று. 1971 இல் கலிபோர்னியச் சட்டமன்றம், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜீன் சாப்பி, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த எட்வின் ஸ்பர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வீதிக்குப் புறம்பான வாகனங்களைப் பதிவு செய்தல், அப்பதிவுக் கட்டணத்தையும் எரிபொருள் வரியின் ஒரு பங்கையும் கொண்டு நிதியமொன்றை அமைத்தல், அந்நிதியைக் கொண்டு வாகனங்களுக்குரிய இடங்களை ஏற்படுத்தி நிருவகித்தல் என்பன அதன் அடிப்படைகளாம். அச்சட்டத்தின் தருக்கம் எளிமையானது: எங்கும் ஓடும் வாகனங்களை ஓரிடத்திற் சேர்த்தால் ஏனைய இடங்கள் பிழைக்கும். மத்திய அரசும் அதே திசையிற் சென்றது. 1972 பெப்ரவரி 8 ஆம் திகதி ஜனாதிபதி நிக்ஸன் பிறப்பித்த கட்டளை, மத்திய அரசின் நிலங்களில் இவ்வாகனங்கள் செல்லத்தக்க இடங்களையும் செல்லத்தகாத இடங்களையும் வரையறுக்குமாறு பணித்தது. 1977 இல் ஜனாதிபதி கார்ட்டர் அதனைத் திருத்தி, பெருங்கேடு விளையும் இடங்களை உடனடியாக மூடும் பொறுப்பையும் சேர்த்தார்.

ஓரிடத்திற் சேர்க்கும் தருக்கத்தில் ஒரு வினா விடுபட்டிருந்தது. சேர்க்கப்படும் அந்த ஓரிடத்துக்கு அயலில் வாழ்வோரின் கதி யாது? மாநிலம் முழுவதற்கும் கிட்டும் நன்மைக்காக ஒரு கவுண்டி சுமக்கும் பாரத்தை அளவிடும் அதிகாரம் யாருக்குரியது? 1971 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வினாவுக்கு நேரடியான விடையைத் தரவில்லை. 1970 களின் நடுப்பகுதியில் மாநில அரசு பிஸ்மோவின் தெற்கே நிலங்களை வாங்கி வாகனப் பூங்காவை அமைத்தபோது இவ்வினா உயிர்பெற்றது. பிற்காலத்தில் ஓசியானோ மணற்குன்றுப் பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்ற அது, ஏறத்தாழ 3,500 ஏக்கர் பரப்புடையது. கலிபோர்னிய மாநிலப் பூங்காக்களுள் பொதுமக்கள் கடற்கரை மணலில் வாகனம் ஓட்டக்கூடிய பூங்கா இதுவே.

காணியும் வரைபடமும்

கவுண்டியின் கையில் இருந்த முதலாவது கருவி அதன் காணியுரிமையாகும். பூங்காவின் மத்தியிற் கிடந்த லா கிராண்டே நிலத்தை உடன்படிக்கைகளின் கீழ் மாநிலம் நடத்த அது அனுமதித்தது. இரண்டாவது கருவி திட்டமிடும் அதிகாரமாகும். 1972 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலமும், பின்னர் 1976 ஆம் ஆண்டின் கரையோரச் சட்டத்தின் மூலமும் கலிபோர்னியாவில் கரையோர ஆணைக்குழு உருவாயிற்று. கரையை அடுத்த ஒவ்வொரு கவுண்டியும் நகரமும் தத்தம் உள்ளூர்க் கரையோரத் திட்டத்தை வகுத்து ஆணைக்குழுவின் அங்கீகாரத்தைப் பெறவேண்டுமென அச்சட்டம் விதித்தது.

இத்திட்டம் அங்கீகாரம் பெறுவதற்கு முன்னரே, 1982 இல், ஆணைக்குழு பூங்காவுக்கு அனுமதிப்பத்திரமொன்றை வழங்கியது. தாவரங்கள் நிறைந்த குன்றுகளைச் சுற்றி வேலியிடுதல், நுழைவாயில்களை அமைத்தல் முதலியவற்றுக்கு அப்பத்திரம் இடமளித்தது. பயன்பாட்டின் அளவை மீளாய்வு செய்யும் உரிமையை ஆணைக்குழு தன்னிடம் வைத்துக்கொண்டது. வடக்கிலுள்ள நுழைவாயில்கள் தற்காலிகமானவை என்றும், நிரந்தர வழி வேறோரிடத்தில் ஆராயப்படும் என்றும் அப்போது கருதப்பட்டது. நிரந்தர வழி அமையவில்லை. தற்காலிகம் என்று எழுதப்பட்டது நாற்பதாண்டுகளுக்கு மேலாக நீடித்தது. வாகனங்கள் ஓசியானோவின் தெருவழியே வந்து, அரோயோ கிராண்டே ஓடையின் முகத்துவாரத்தைக் கடந்து மணல்வெளியை அடைந்தன. 2001 இல் விதிக்கப்பட்ட வரம்பின்படி 2,580 வீதி வாகனங்களும், முகாமிடும் 1,000 வாகனங்களும், 1,720 மணல்வெளி வாகனங்களும் அனுமதிக்கப்பட்டன. இதுவும் இடைக்கால வரம்பென்றே குறிக்கப்பட்டது.

2007 இல் மாநிலம் லா கிராண்டே நிலத்தை விலைக்கு வாங்க முற்பட்டபோது கவுண்டியின் திட்ட வரைபடம் குறுக்கே நின்றது. அவ்வரைபடத்தில் அந்நிலம் வாகனங்களுக்குரியதாகக் காட்டப்படவில்லை. இடைநிலைப் பாதுகாப்பு வலயமாகக் காட்டப்பட்டிருந்தது. எனவே விற்பனை கவுண்டியின் பொதுத் திட்டத்துக்கு முரணானது எனத் திட்டமிடல் ஆணைக்குழுவும் மேற்பார்வையாளர் சபையும் முடிவு செய்தன. மாநிலத்தின் கோரிக்கைக்கு உள்ளூராட்சி அளித்த துணிவான மறுப்பு அது. ஆயினும் மறுப்பின் பயன் சிறிதே. 2008 இல் உடன்படிக்கைக் காலம் முடிவுற்ற பின்னரும் பூங்கா முன்போலவே நடந்தது. சியரா கழகம் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அவ்வரைபடத்தை ஆதாரமாகக் கொண்டு தொடுத்த வழக்கும் வெற்றியளிக்கவில்லை. 1982 ஆம் ஆண்டின் அனுமதிப்பத்திரத்துக்கு இணங்க நடைபெறும் பயன்பாட்டை அவ்வழியில் தடுக்க முடியாதென்பதே 2012 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பெறுபேறாகும். காணி கவுண்டியுடையது, வரைபடமும் கவுண்டியுடையது, ஆனால் மணலில் ஓடிய சக்கரத்தை அவ்விரண்டும் நிறுத்தவில்லை.

புழுதியை அளத்தல்

காணியும் வரைபடமும் தவறிய இடத்தில் மூன்றாவது கருவியொன்று தோன்றியது. அது வளி மாசடைதலைக் கட்டுப்படுத்தும் மாவட்ட அமைப்பாகும். கவுண்டியின் ஐந்து மேற்பார்வையாளரும் ஏழு நகரங்களின் பிரதிநிதிகள் எழுவருமாகப் பன்னிருவர் கொண்ட சபை அதனை ஆள்கின்றது. நிப்போமோ மேட்டுநிலத்தில் நுண்துணிக்கைகளின் அளவு கலிபோர்னியாவின் நியமத்தைப் பலநாட்களில் மீறுவதை அதன் அளவைநிலையங்கள் காட்டின. 10 மைக்குரோமீற்றருக்கு மேற்படாத விட்டமுடைய இத்துணிக்கைகள் சுவாசப்பைவரை செல்லவல்லவை. 24 மணிநேரச் சராசரி ஒரு கனமீற்றர் வளியில் 50 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது மாநில நியமம். மத்திய அரசின் நியமம் 150 மைக்குரோகிராமாகும்.

2010 இல் வெளியான இரண்டாங் கட்ட ஆய்வு இப்புழுதியின் மூலத்தை வாகனப் பூங்காவின் திறந்த மணற்பரப்பில் கண்டது. அதன் விளக்கம் கவனத்துக்குரியது. சக்கரம் அவ்வேளையில் கிளப்பும் தூசி பிரச்சினையின் பெரும்பகுதியன்று. வாகனங்கள் தொடர்ந்து ஓடுவதால் தாவரம் அழிகின்றது. மணலின் மேற்படை உடைகின்றது. குன்றின் இயல்பான வடிவம் குலைகின்றது. பின்னர் வடமேற்கிலிருந்து பலத்த காற்று வீசும் நாளில் மணல்மணிகள் துள்ளித் துள்ளி நிலத்தில் மோதுகின்றன. அம்மோதலில் நுண்தூசி கிளம்பி மேட்டுநிலத்தை அடைகின்றது. ஆகவே ஒரு வாகனமும் ஓடாத நாளிலும் வாகனத்தின் விளைவு வானில் பரவும். காற்று இயற்கையானது, குன்றும் இயற்கையானது, ஆதலால் புழுதியும் இயற்கையானதே என வாகன ஓட்டிகள் வாதிட்டனர். அவ்வாதத்தில் ஒரு பகுதி உண்மை இருந்தது. குன்றுள்ள இடத்திற் சிறிது மணல் பறக்கவே செய்யும். எவ்வளவு இயற்கை, எவ்வளவு செயற்கை என்பதே தீர்க்கவேண்டிய வினா.

2011 நவம்பரில் மாவட்டம் நிறைவேற்றிய 1001 ஆம் இலக்க விதி அவ்வினாவை அளவையியல் முறையில் அணுகியது. 100 ஏக்கருக்கு மேற்பட்ட கரையோர மணற்குன்று வாகனப் பிரதேசமொன்றை நடத்துவோர் இரண்டிடங்களில் துணிக்கைகளை அளத்தல் வேண்டும். ஓரிடம் வாகனம் ஓடும் பரப்பின் காற்றுக்கீழ்ப் பக்கம். மற்றையது வாகனம் ஓடாத மணற்பரப்பின் காற்றுக்கீழ்ப் பக்கம். முன்னையதன் அளவு பின்னையதனை 20 வீதத்துக்கு மேல் விஞ்சி, 55 மைக்குரோகிராமையும் கடந்தால் விதி மீறப்பட்டதாகும். இயற்கையின் பங்கை இயற்கைக்கே விட்டு, மிகுதிக்கு மட்டும் பொறுப்புக் கேட்ட விதி இது. அத்துடன் பூங்காவை நடத்துவோர் மாவட்டத்திடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமெனவும் விதித்தது. மாநிலத் திணைக்களமொன்று உள்ளூர் மன்றத்திடம் அனுமதி கேட்டு நிற்பதா என்னும் கேள்வி இங்கேதான் எழுந்தது.

ஒரு சொல்லின் பொருள்

ஓசியானோ மணற்குன்றுகளின் நண்பர்கள் என்னும் வாகன ஓட்டிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. வழக்கு ஒரேயொரு சொல்லின் பொருளைச் சுற்றிச் சுழன்றது. வளியை மாசுபடுத்தும் பொருள், இயந்திரம், உபகரணம் அல்லது வேறு சாதனம் எதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என விதிக்க மாநிலச் சட்டம் மாவட்டங்களுக்கு அதிகாரமளித்திருந்தது. வேலியும் வாயிலும் முகாமும் அமைத்து மனிதன் நடத்தும் மணற்குன்றுப் பூங்கா ஒரு சாதனமாகுமா? ஆகும் என்றது கீழ் நீதிமன்றம். 2015 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மறுத்தது. மணற்குன்று இயற்கையின் ஆக்கம். மனிதர் அதனை நிருவகிப்பதால் மட்டும் அது சாதனமாகிவிடாது என்பது அதன் கருத்து. தொழிற்சாலையை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டம் மணற்குன்றை எதிர்நோக்கியிருக்கவில்லை. அனுமதிப்பத்திரம் கோரும் அதிகாரம் அத்துடன் வீழ்ந்தது.

ஆயினும் மாவட்டத்தின் வரலாறு அங்கு முடியவில்லை. மக்களுக்குத் தொல்லை விளைக்கும் வகையில் வளியை மாசுபடுத்தலாகாது என்னும் பழைய பொதுவிதி எஞ்சியிருந்தது. அதற்குச் சாதனம் என்னும் சொல் தேவைப்படவில்லை. விளைந்த கேடு மட்டுமே தேவைப்பட்டது. அவ்விதியின் கீழ் மாவட்டத்தின் விசாரணைச் சபை முன்னிலையில் மாநிலப் பூங்காத் திணைக்களம் நின்றது. 2018 இல் இரு தரப்பும் உடன்பட்டதோர் தணிப்புக் கட்டளை பிறந்தது. துணிக்கை வெளியேற்றத்தைக் குறித்த அடிப்படை அளவிலிருந்து 50 வீதமாகக் குறைத்தல், அதற்கெனக் காற்றுத் தடுப்பு வேலிகளிடுதல், தாவரங்களை நடுதல், விஞ்ஞான ஆலோசனைக் குழுவொன்றின் வழிகாட்டலைப் பெறுதல் என்பன அதன் விதிகளாம். 2019 இலும் 2022 இலும் கட்டளை திருத்தப்பட்டது. வாகனங்கள் குலைப்பதற்கு முன்னர் குன்றுகள் வெளியிட்டிருக்கக்கூடிய அளவே இலக்கு என்பது இறுதித் திருத்தத்தின் சாரம். நூற்றுக்கணக்கான ஏக்கர் மணல் வேலியாலும் வைக்கோலாலும் செடியாலும் மூடப்பட்டு, வாகனம் ஓடும் பரப்பு சுருங்கியது. துணிக்கையில் எவ்வளவு மணற்றூசி, எவ்வளவு கடலுப்பும் பிறவும் என்பது குறித்து, பூங்காத் திணைக்களத்துக்காக ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிறுவனத்தார் செய்த ஆய்வு மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தது. ஆனால் அவ்விவாதமும் அளவைகளை முன்வைத்தே நடந்தது.

இதற்கு மாறாக, பூங்காவை முற்றாக மூட எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. 2021 மார்ச் 18 ஆம் திகதி கரையோர ஆணைக்குழு, மணல்வெளி வாகன ஓட்டத்தை மூன்றாண்டுகளுள் நிறுத்தவேண்டுமெனத் தீர்மானித்தது. அருகிவரும் கரையோரப் பறவைகளின் வாழிடம், நிப்போமோ மக்களின் சுகநலம், பழங்குடியினரின் உரிமை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. கடற்கரை வணிகம் நலியும் என்றும், எளியோரின் பொழுதுபோக்குப் பறிபோகும் என்றும் எதிர்ப்பு எழுந்தது. 2023 இல் கவுண்டியின் மேல் நீதிமன்றம் ஆணைக்குழுவுக்கு அத்தகைய தடையை விதிக்கும் அதிகாரம் இல்லையெனத் தீர்ப்பளித்தது. கவுண்டியின் கரையோரத் திட்டம் வாகன ஓட்டத்தை அங்கீகரித்திருக்கையில், அத்திட்டத்தை மாற்றாமல் ஆணைக்குழு அதனை ஒழித்துவிட முடியாதென்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. முன்னொரு காலத்தில் வாகன ஓட்டிகளுக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்ட அதே உள்ளூர்த் திட்டம், இப்போது அவர்களுக்குக் கவசமாயிற்று. தடை நடைமுறைக்கு வரவேண்டிய 2024 தை பிறந்தபோது வாகனங்கள் மணலில் ஓடிக்கொண்டிருந்தன.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிபு யாது? உள்ளூராட்சி நான்கு வழிகளில் இப்பூங்காவைக் கட்டுப்படுத்த முனைந்தது. காணிச் சொந்தக்காரராக நின்றது, திட்டமிடுபவராக நின்றது, அனுமதி வழங்குபவராக நிற்க முயன்றது, இறுதியில் கேட்டினை அளந்து தணிப்புக் கோருபவராக நின்றது. முதல் மூன்று நிலைகளிலும் அது பூங்காவின்மீது உரிமை கொண்டாடியது. அம்மூன்றிலும் மாநிலத்தின் அதிகாரம் அதனை விஞ்சியது. நான்காவது நிலையில் அது பூங்கா யாருடையது என வினவவில்லை. பூங்காவின் எல்லையைக் கடந்து வந்த தூசி எவ்வளவு என்றே வினவியது. எல்லைக்கு உள்ளே மாநிலத்தின் ஆணை செல்லும். எல்லைக்கு வெளியே, நிப்போமோவின் வீட்டு முற்றத்தில் விழும் தூசிக்கு விடை கூறும் கடமையிலிருந்து மாநிலமும் தப்பமுடியவில்லை.

இது முழுவெற்றியன்று. முதல் அளவைகளுக்கும் முதல் கட்டளைக்கும் இடையில் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அக்காலமெல்லாம் மேட்டுநிலத்துக் குழந்தைகளும் முதியோரும் அக்காற்றையே சுவாசித்தனர். பெரும் அதிகாரத்தின் முன் சிறிய மன்றமொன்று காலத்தையே விலையாகக் கொடுக்க நேர்கின்றது. எனினும் நகர சபையேனும் இல்லாத மக்களுக்காக, பன்னிருவர் கொண்ட உள்ளூர்ச் சபையொன்று மாநிலத் திணைக்களத்தை விசாரணைக்கு அழைத்து, வேலியிடவும் செடி நடவும் செய்தது. அதற்குத் துணைநின்றவை மேட்டுநிலத்தில் ஆண்டுக்கணக்காக இயங்கிய சில அளவைக் கருவிகளும், அவற்றின் கணக்கைத் தவறாது எழுதிவைத்த சில அலுவலருமே. உள்ளூராட்சியின் வலிமையைச் சட்டப் புத்தகத்தில் மட்டும் தேடுவோர், அந்தக் கணக்கேடுகளையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.